நம்மூர்க் கிணறு எத்தனை மீட்டர் இறங்கியிருக்கிறது?

காவிரிப் படுகை ஊர்களில் துளையிடும் ரிக் வந்து நின்ற மறுநாளே கேள்விகள் கிளம்பிவிடும். எவ்வளவு ஆழம் போவார்கள்? எண்ணெயா, கேஸா? இது புதுக் கிணறா, பழையதைத்தான் பழுது பார்க்கிறார்களா? எங்கள் போர் தண்ணீருக்கு ஏதும் ஆகுமா? டீக்கடையில் ஒருவர் ஆறாயிரம் அடி என்பார், இன்னொருவர் பத்தாயிரம் என்பார். வாசலில் நிற்கும் காவலாளிக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல அனுமதி கிடையாது. ஆனால் அதே வேலிக்கு உள்ளே ஒவ்வொரு நாள் காலையிலும் ஓர் அறிக்கை எழுதப்படுகிறது. நேற்று எத்தனை மீட்டரில் இருந்தோம், இன்று எத்தனை, எந்தப் பாறை, சேற்றின் அடர்த்தி என்ன, வாயு எவ்வளவு காட்டியது, எத்தனை மணி நேரம் எதற்காக வேலை நின்றது என்பதெல்லாம் அதில் இருக்கும். இவ்வளவு ஒழுங்காக நாள்தோறும் எழுதி வைக்கும் தொழில்கள் குறைவு. அந்த எழுத்துதான் வேலியைத் தாண்டுவதில்லை.

எண்ணெய் எடுக்கலாமா, கூடாதா என்பது பெரிய வழக்கு. அதில் டெல்டாவின் பக்கம் எது என்பதை நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் 2017இல் நடந்த போராட்டங்களுக்குப் பிறகு யாரும் சந்தேகிக்க வேண்டியதில்லை. இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது அதற்குள் இருக்கும் இன்னொரு கேள்வியை. ஒரு கிணறு தோண்டப்படும்போது, பக்கத்தில் வாழ்கிறவர்களால் அதை எவ்வளவு தூரம் பின்தொடர முடியும்? அவர்களுக்கு எவ்வளவு சொல்லப்பட வேண்டும்? திட்டத்தை எதிர்ப்பவருக்கும் ஆதரிப்பவருக்கும் இந்தக் கேள்வி பொதுவானது. விடை தெரியாமல் இருப்பதால் இரு தரப்புமே ஊகத்தை வைத்துப் பேச வேண்டியிருக்கிறது.

காவிரிப் படுகையில் எண்ணெய் தேடும் வேலை 1950களின் இறுதியில் தொடங்கியது. முதல் ஆழ்ந்த தேடுதல் கிணறு 1964இல் தோண்டப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்தே நரிமணம், கோவில்களப்பால் என்று பெயர் சொல்லும்படியான வயல்கள் அமைந்தன. நரிமணத்து எண்ணெய்க்காகப் பனங்குடியில் 1993இல் சுத்திகரிப்பு ஆலை வந்தது. குத்தாலத்திலும், மன்னார்குடிக்குத் தெற்கே திருமக்கோட்டையிலும், ராமநாதபுரம் பக்கம் வழுதூரிலும் உள்ளூர் வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் எழுந்தன. இத்தனை ஆண்டுகளில் பெரிய எதிர்ப்பு எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிலைமையைத் திருப்பியது மீத்தேன். மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010இல் ஒப்பந்தம் போட்ட செய்தி ஊர்களுக்குத் தாமதமாக, துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து அதை விளக்கினார். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில், அந்தப் பிரசாரத்துக்கு நடுவிலேயே இறந்தார். 2017 பிப்ரவரியில் சிறு எண்ணெய் வயல்கள் ஏலத்தில் நெடுவாசல் பெயர் வந்தபோதும் அந்த ஊர்க்காரர்கள் செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அங்கே பழைய சோதனைக் கிணறு ஒன்று வருடக்கணக்கில் கண்ணெதிரே மூடிக்கிடந்தது. அதில் என்ன கிடைத்தது, ஏன் மூடினார்கள் என்பதை யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

தரைக்குக் கீழே இருப்பதைப் பற்றி ஒரு சேதி. இந்தத் தொழிலின் ஏடுகளில் நம் ஊர்களின் பெயர்கள் பாறைகளுக்குப் பெயராக இருக்கின்றன. ஆண்டிமடம், புவனகிரி, நன்னிலம், கமலாபுரம், நிரவி என்று அடுக்குகள். களிப்பாறைகளுக்குக் குடவாசல், காரைக்கால், சட்டப்பாடி. சுண்ணாம்புக்கு மாதானம், வேதாரண்யம். இந்தப் படுகையின் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் முக்கியமான தாய்ப்பாறையாகச் சொல்லப்படுவது சட்டப்பாடிக் களிப்பாறை. புவனகிரி, நன்னிலம், கமலாபுரம், நிரவி மணற்கற்கள் அதைத் தேக்கி வைக்கின்றன. மாதானத்தில் எல்லா அடுக்குகளையும் கடந்து அடிப்பாறையின் விரிசல்களிலேயே எண்ணெய் இருந்தது. இவற்றில் டைனோசர் காலத்துக் கடல் விட்டுப்போன அடுக்குகள் அரியலூரிலும் பெரம்பலூர் மாவட்டத்துக் காரையிலும் தரைமேல் வந்து நிற்கின்றன. நன்னிலத்தில் கிலோமீட்டர் கணக்கில் இறங்கித் தொட வேண்டிய காலத்தின் கல்லை, காரைக்குப் பேருந்தில் போய்க் கையால் தொடலாம். ஒரு கிணறு இன்று எந்தப் பாறையில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளப் புவியியல் பட்டம் வேண்டியதில்லை. இந்தப் பத்துப் பன்னிரண்டு பெயர்களும் எங்கள் வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைக்கும் முன்பே தெரிந்தவை.

கிணறு எப்படி இறங்குகிறது என்று பார்ப்போம். ரிக் வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே வயலில் மண் கொட்டி மேடாக்கி, கற்சாலை போட்டு, நடுவில் ஓர் ஆழமான கான்கிரீட் குழி கட்டுவார்கள். கிணற்றின் வாய் அந்தக் குழிக்குள் வரும். பிறகு டிரெய்லர் டிரெய்லராகச் சாமான் வரும். கோபுரம் எழுந்ததும் அகலமான துளையில் தொடங்குவார்கள். சில நூறு மீட்டர் போனதும் நிறுத்தி, 20 அங்குலக் குழாய் இறக்கி, குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சிமெண்ட் ஏற்றி மேல்வரை நிரப்புவார்கள். குடிதண்ணீர் ஊற்றுகளைக் கிணற்றிலிருந்து பிரித்து வைப்பது இந்தக் குழாயும் சிமெண்டும்தான். அதற்குள்ளே சிறிய பிட் எனும் துளைமுனையை விட்டு மறுபடி துளைத்து, 13⅜ அங்குலக் குழாய், அதற்குள்ளே 9⅝, கடைசியில் 7 அல்லது 5½. பழைய ரேடியோவின் ஆண்டெனாவை இழுத்துத் தலைகீழாக மண்ணில் செருகினால் எப்படி இருக்குமோ, முடிந்த கிணறு அப்படி இருக்கும்.

துளைக்கும் நேரமெல்லாம் குழாய் வழியே ஒரு கனத்த சேறு கீழே போய், துளையின் ஓரமாக மேலே வந்துகொண்டே இருக்கும். தொழிலில் அதை 'மட்' என்கிறார்கள். பெண்டோனைட் களிமண்ணும், எடைக்காகப் பேரைட் தூளும் கலந்த நீர் அது. பிட்டைக் குளிர்விக்கும், உடைத்த கல்லை மேலே கொண்டுவரும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, கீழேயுள்ள வாயுவைத் தன் எடையால் அழுத்திப் பிடித்திருக்கும். 3,000 மீட்டர் ஆழத்தில் வெறும் தண்ணீரே காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய முந்நூறு மடங்கு அழுத்தம் தரும். பாறைக்குள் அடைபட்ட வாயுவின் அழுத்தம் அதையும் மிஞ்சும் இடங்கள் உண்டு. அங்கே சேற்றை இன்னும் கனமாக்க வேண்டும். கனம் குறைந்தால் வாயு உள்ளே வரும். கூடிவிட்டால் பாறை விரிந்து சேறு முழுவதும் உள்ளே போய்விடும். அப்போதும் சேற்றுத் தம்பத்தின் உயரம் குறைந்து வாயு உள்ளே வரும். கிணறு தோண்டும் கலையில் பாதி இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே நிற்பதுதான்.

மேலே வரும் சேறு அதிரும் சல்லடைகள் மீது விழுகிறது. அந்த இடத்தில் ஒரு பொழுது நின்று பார்த்தவர்களுக்கு இந்தத் தொழில்மேல் மரியாதை வரும். டீசல் இன்ஜின்களின் சத்தத்தில் பேசுவது காதில் விழாது. சாம்பல் நிறச் சேறு சல்லடைக்குக் கீழே வடிய, மேலே கல் துணுக்குகள் நடுங்கியபடி ஓரத்துக்கு நகர்ந்து வரும். இளவயதுப் பையன் ஒருவன் ஹெல்மெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு, கரண்டியால் ஒரு பிடி அள்ளி, சிறு சல்லடையில் போட்டுத் தண்ணீரில் அலசுவான். அலச அலசக் களி கரைந்துபோய், குன்றிமணியை விடச் சிறிய கற்கள் மிஞ்சும். அவற்றில் ஒரு பங்கைத் துணிப்பையில் போட்டு ஆழத்தை எழுதிக் கட்டுவான். இன்னொரு பங்கை இருட்டுப் பெட்டிக்குள் புறஊதா விளக்கின்கீழ் வைப்பான். எண்ணெய் பட்ட மணற்கல் என்றால் அங்கே மஞ்சளாக, சில நேரம் நீலம் கலந்த வெள்ளையாக ஒளிரும். இப்படி சில மீட்டருக்கு ஒரு முறை, இரவும் பகலும். பக்கத்தில் ஓடும் கருவி சேற்றில் கரைந்து வந்த மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன் அளவுகளைக் கோடாக வரைந்துகொண்டே இருக்கும். 3,000 மீட்டரிலிருந்து ஒரு துணுக்கு மேலே வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம் என்பதால், இப்போது கையில் இருக்கும் கல் எத்தனை மீட்டரைச் சேர்ந்தது என்று கணக்குப் போட்டுத்தான் எழுதுவார்கள். ஊருக்குத் தெரிய வேண்டிய பதில்களில் பெரும்பகுதி அந்தத் துணிப்பைகளில் இருக்கிறது.

வெளியே இருப்பவர்கள் எப்போதும் ஆழத்தையே கேட்கிறோம். என் கணிப்பில் ஆழம்தான் மிகக் குறைவாகச் சொல்லும் எண். மேல் அடுக்குகள் மெத்தென்றிருப்பதால் முதல் சில நாட்களில் நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கிவிடும். பிறகு நாளுக்குச் சில பத்து மீட்டராகச் சுருங்கும். பிட் தேய்ந்தால் மொத்தக் குழாயையும் வெளியே எடுத்து, மாற்றி, மறுபடி இறக்க வேண்டும். அதற்கே ஒரு நாள் போகும். குழாய் சிக்கிக்கொண்டால் அறுத்துவிட்டு, விழுந்த துண்டை மீன்பிடிப்பது போல் பிடித்து இழுக்கும் வேலை வாரக்கணக்கில் நடக்கும். ஐந்து நாட்களாக ஒரே ஆழத்தில் நிற்கும் கிணறு பழுதாகிக் கிடக்கலாம். மிக நல்ல சேதியுடன் அளவெடுத்துக்கொண்டும் இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. மேல் குழாய்க்கு வைத்த சிமெண்ட் தரைவரை திரும்பி வந்ததா? குழாயை அழுத்தம் கொடுத்துச் சோதித்தார்களா? கிணற்று வாயில் பொருத்திய பி.ஓ.பி. எனும் அடைப்பான்களைக் கடைசியாக எந்தத் தேதியில் சோதித்தார்கள்? இந்த மூன்றுக்கும் ஆமாம், இல்லை, ஒரு தேதி என்ற அளவில் பதில் சொல்லிவிடலாம். எந்த நிறுவனத்தின் தொழில் ரகசியமும் இதில் வெளியே போகாது.

வேலிக்கு வெளியிலிருந்தும் கொஞ்சம் படிக்க முடியும். பெருங்குழாய்கள் ஏற்றிய லாரி வந்து, அதற்கு அடுத்து சிமெண்ட் ஏற்றும் பம்பு வண்டி வந்தால் ஒரு கட்டம் முடிந்தது என்று பொருள். கம்பிச் சுருள் ஏற்றிய வண்டி வந்து நின்று, இன்ஜின் சத்தம் தணிந்து, கோபுரத்தில் ஆள் நடமாட்டம் குறைந்தால் மின்கருவிகளை இறக்கிப் பாறையை அளக்கிறார்கள். ஓரத்தில் இருக்கும் எரிகுழாயில் தீ எழுந்தால் சோதனை ஓட்டம் தொடங்கிவிட்டது. இரவில் அந்த வெளிச்சம் பல கிலோமீட்டருக்குத் தெரியும். ஊரில் பலர் அதைப் பார்த்து விபத்து என்று பயந்திருக்கிறார்கள். பயந்தது அவர்கள் குற்றமில்லை. "இன்றிரவு முதல் மூன்று நாட்களுக்குத் தீ எரியும், இது சோதனை" என்று ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தால் போதும்.

டெல்டாவில் இன்றைக்கு மிகக் கூர்மையான கேள்வி, வந்திருப்பது புதுக் கிணற்றுக்கான ரிக்கா, பழைய கிணற்றின் பராமரிப்புக்கானதா என்பது. 2020 பிப்ரவரியில் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களிலும் எண்ணெய், இயற்கை வாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு ஆகியவற்றைத் தேடுவதையும் துளைப்பதையும் எடுப்பதையும் தடுக்கிறது. அன்று நாகையோடு இருந்த மயிலாடுதுறையும் அதில் அடக்கம். ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பணிகளை அந்தச் சட்டம் தொடவில்லை. புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட காரைக்காலுக்கு அது செல்லாது. ஆகவே பழைய கிணறுகள் ஓடுகின்றன. ஓடும் கிணற்றுக்குப் பராமரிப்பு வேண்டும். பராமரிப்புக்கும் ரிக் வரும். தூரத்திலிருந்து பார்க்கிற விவசாயிக்கு இரண்டும் கோபுரம்தான். புதுக் கிணறு என்று ஊர் திரளும், பழைய கிணறு என்று நிறுவனம் மறுக்கும், நடுவில் வட்டாட்சியர் வந்து சமாதானக் கூட்டம் போடுவார். ஆண்டுதோறும் எங்காவது ஓரிடத்தில் இது நடக்கிறது.

பிரித்தறிய வழி இருக்கிறது. பழைய கிணற்றில், வால்வுகள் அடுக்கிய 'கிறிஸ்துமஸ் மரம்' என்ற இரும்புத் தலை முன்பே நிற்கும். பராமரிப்பு ரிக் பொதுவாகச் சிறியது. பல நேரம் வண்டியோடு பொருத்தியது. வந்து இறங்கும் குழாய்கள் மூன்று அங்குலம் அளவுக்கு மெல்லியவை. புதுக் கிணற்றுக்குப் புதிய மேடு, புதிய குழி, 20 அங்குலக் குழாய்கள், குவியல் குவியலாகப் பாறைத் துணுக்கு எல்லாம் வேண்டும். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது வகை உண்டு. பழைய கிணற்றின் வாய் வழியாகவே இறங்கி, பாதி ஆழத்தில் குழாயின் பக்கவாட்டில் துளையிட்டு, அங்கிருந்து புதிய திசையில் தோண்டிக்கொண்டு போவது. தரைமேல் பார்த்தால் அது பழைய கிணறு. தரைக்குக் கீழே ஆயிரம் மீட்டர் தள்ளிப் புதிய பாறையைத் தொடும்போது அது புதுத் துளை. சட்டத்தின் கண்ணில் இது எது? இந்தக் கேள்விக்கு அரசு வெளிப்படையாக, எழுத்தில், ஒவ்வொரு கிணற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 2020 சட்டம் பொருளுள்ளதா இல்லையா என்பதே இதில்தான் இருக்கிறது.

அதிகாரப்பூர்வமான காகிதங்கள் அறவே கிடைக்காதவை அல்ல. சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பமும் அனுமதி ஆணையும் ஒன்றிய அரசின் பரிவேஷ் தளத்தில் இருக்கும். ஆணையில் கிணறுகளின் எண்ணிக்கை, புல எண், ஆழம், கழிவை எப்படிக் கையாள வேண்டும் என்பது வரை நிபந்தனைகள் இருக்கும். அனுமதி பெற்றவர் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினார் என்று அறிக்கை தர வேண்டும். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அது பொது ஆவணம். பாறைத் துணுக்கும் பழைய சேறும் நிலத்தில் ஊறாமல் விரிப்பு போட்ட குழியில் விட வேண்டும் என்பதற்கு 2005இலேயே விதி வந்துவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கேட்காமலேயே வெளியிடும் கடமையைப் பொது நிறுவனங்கள்மேல் வைக்கிறது. 8(1)(டி) பிரிவைக் காட்டி வணிக ரகசியம் என்று மறுக்கலாம்தான். பொதுநலன் பெரிதானால் கொடுக்கலாம் என்று அதே பிரிவு சொல்வதைப் பல மனுதாரர்கள் மேல்முறையீட்டில் எடுத்து வைப்பதில்லை.

இவற்றைத் தேடுவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. ஒரே கிணறு மூன்று இடத்தில் மூன்று விதமாக அழைக்கப்படுகிறது. தோண்டுவதற்கு முன் ஆங்கில எழுத்துகளால் ஆன ஓர் இடக் குறியீடு. தோண்டத் தொடங்கியதும் வயலின் பெயரும் வரிசை எண்ணும். வருவாய்த் துறையில் புல எண். கிணற்றுக்கு வைத்த ஊர்ப்பெயர், கிணறு உண்மையில் இருக்கும் ஊராட்சியின் பெயராக இல்லாமலும் இருக்கும். விண்ணப்பிப்பவர் மூன்றையும் சேர்த்து எழுதாவிட்டால் "அப்படியொரு கிணறு எங்கள் பதிவில் இல்லை" என்ற பதில்தான் வரும். அது பொய்யாகவும் இருக்காது.

சட்டம் இன்னொரு பக்கம் பின்னால் போயிருக்கிறது. 2006 அறிவிக்கையில் தேடுதல் கிணறும் உற்பத்திக் கிணறும் ஒரே கண்டிப்பான பிரிவில் இருந்தன. 2020 ஜனவரித் திருத்தம் தேடுதல் கிணறுகளை பி2 என்ற பிரிவுக்கு இறக்கியது. அதற்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. மாநில அளவிலான ஆணையமே அனுமதி தரலாம். விளைவை 2025இல் ராமநாதபுரம் கண்டது. அந்த மாவட்டத்தில் 20 தேடுதல் கிணறுகளுக்கு அனுமதி வழங்கப்பட்டு, சில மாதங்கள் கழித்தே செய்தி பரவியது. எதிர்ப்பு எழுந்ததும் மாநில அரசே இந்தத் திட்டத்தை ஏற்க மாட்டோம் என்று அறிவித்து, அனுமதியைத் திரும்பப் பெறுமாறு ஆணையத்துக்குச் சொன்னது. ஒரு மாநில அரசும், அதே மாநிலத்தின் அனுமதி ஆணையமும், அங்கே வாழும் மக்களும் ஒரே விஷயத்தை வெவ்வேறு மாதங்களில் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு யாருக்கும் நல்லதில்லை. உற்பத்திக் கிணற்றுக்குப் பிடிக்கும் தீ தேடுதல் கிணற்றுக்குப் பிடிக்காது என்று எந்தப் பொறியாளரும் சொல்ல மாட்டார். கீழே என்ன அழுத்தம் என்று முன்கூட்டித் தெரியாதது தேடுதல் கிணறுதான்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? டெக்சஸ் மாநிலத்தில் எண்ணெய்க் கிணறுகளைக் கண்காணிப்பது, பழைய பெயர் மாறாத ரயில்ரோடு கமிஷன். அனுமதியிலிருந்து முடிவறிக்கை வரை ஒவ்வொரு கிணற்றின் காகிதத்தையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். வடக்கு டகோட்டாவில் நிறுவனம் கேட்டால் ஆறு மாதம் ரகசியம் காக்கிறார்கள், பிறகு திறந்துவிடுகிறார்கள். நார்வே இதில் நேர்த்தியானது. எந்த ரிக் எந்தக் கிணற்றை எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தப் பாறையில் முடிந்தது என்பதை ஒழுங்குமுறை அமைப்பே வெளியிடுகிறது. கிணறு வறண்டதானால் அதையும் அறிவிக்கிறது. விரிவான தரவுகள் இரண்டு ஆண்டுகளில் பொதுவாகிவிடுகின்றன. ரகசியத்துக்குக் கால எல்லை வைத்ததால் அங்கே எந்த நிறுவனமும் முதலீட்டை நிறுத்திவிடவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இலங்கையில், மன்னார் தீவின் பேசாலையில் 1970களில் சோவியத் உதவியுடன் தோண்டிய கிணறுகள் வறண்டு போயின. 2011இல் மன்னார் வளைகுடாவில், ஜப்பானின் சிக்யூ என்ற ஆய்வுக் கப்பலைக் கொண்டு கெய்ர்ன் லங்கா நிறுவனம் துளைத்தது. டொராடோ கிணற்றில் வாயு தென்பட்டபோது, 1,354 மீட்டர் கடலாழம், 3,043.8 முதல் 3,068.7 மீட்டர் வரை மணற்கல்லில் 25 மீட்டர் அளவுக்கு ஹைட்ரோகார்பன் என்று தசம புள்ளியோடு அறிவித்தார்கள். முதலீட்டாளருக்குச் சொல்ல வேண்டிய கடமை இருந்ததால் இவ்வளவு துல்லியம். அந்தக் கடலில் வலை போடும் மன்னார் மீனவருக்கு இதே துல்லியத்தோடு எவரும் எதையும் விளக்கவில்லை என்பதே என் குறை. அறிவிப்புக்குப் பின் நாடே எதிர்பார்த்தது; 2015இல் நிறுவனம் விலகிப் போனது; அந்த வாயு இன்னும் கரை சேரவில்லை. கண்டுபிடிப்பு என்ற அறிவிப்புக்கும் உற்பத்திக்கும் நடுவே எத்தனை வருடம் கிடக்கலாம் என்பதை இது காட்டுகிறது.

முதலீட்டாளருக்காக மட்டும் பேசும் அறிவிப்பில் வேறோர் ஆபத்தும் உண்டு. 2015 ஏப்ரலில் இங்கிலாந்தின் கேட்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஹார்ஸ் ஹில் என்ற ஒற்றைக் கிணற்றை வைத்து, அந்த வட்டாரத்துப் பாறைகளில் 10,000 கோடி பீப்பாய் வரை இருக்கலாம் என்ற செய்தி கிளம்பியது. பங்கு விலை எகிறியது. சில நாட்களிலேயே நிறுவனம் விளக்கம் வெளியிட்டுப் பின்வாங்கியது. பாறையில் இருப்பது வேறு, வெளியே எடுக்க முடிவது வேறு. உள்ளூர்க் கிணறு பற்றி வரும் எந்தப் பெரிய எண்ணையும் இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகே நம்ப வேண்டும். நம் பக்கத்தில் பரவும் பயமுறுத்தும் எண்களுக்கும் இது பொருந்தும்.

விபத்துகளின் வரலாறு கற்றுத்தருவது ஒன்று உண்டு. துளைக்கும் நாட்களில் மட்டும் கண்காணித்தால் போதாது. ஆந்திரத்தின் கோதாவரிப் படுகையில் பாசர்லபூடி கிணறு 1995 ஜனவரி 8 அன்று பீறிட்டு 65 நாட்கள் எரிந்தது; அது துளைத்துக்கொண்டிருந்த கிணறு. ஆனால் 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் 11 பேரைப் பலிகொண்ட மக்காண்டோ கிணறு, துளைத்து முடித்துத் தற்காலிகமாக மூடும் கட்டத்தில் இருந்தது. அழுத்தச் சோதனை தந்த எச்சரிக்கையை ரிக்கில் இருந்தவர்கள் தவறாகப் படித்தார்கள். அசாமின் பாக்ஜானில் 2020 மே 27 அன்று பீறிட்டது 2006இலேயே தோண்டிய கிணறு. அங்கே நடந்தது பராமரிப்பு வேலை. ஜூன் 9 அன்று தீப்பிடித்து, தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தனர். ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேறினர். மகுரி-மோட்டாபுங் ஏரியின் மீன்களும் பறவைகளும் அழிந்தன. அதை முழுதும் அடக்க நவம்பர் வரை ஆயிற்று. 'பழைய கிணறுதான், பராமரிப்புதான்' என்ற பதில் டெல்டாவில் ஆறுதலாகச் சொல்லப்படுகிறது. பாக்ஜானுக்குப் பிறகு அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கிணற்றோடு நிற்பதும் இல்லை. கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று வயலில் எண்ணெய் கசிந்தது குழாயிலிருந்து. நாகூர் பட்டினச்சேரி கடற்கரையில் 2023 மார்ச்சில் கச்சா எண்ணெய் பரவியதும் குழாய் உடைந்துதான். கோதாவரிப் பக்கம் நகரம் என்ற ஊரில் 2014 ஜூன் 27 அன்று வாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரிக் ஓரிரு மாதத்தில் போய்விடும். குழாய் முப்பது வருடம் நிலத்துக்குள் கிடந்து துருப்பிடிக்கும். ஒரு கிணற்றைப் பின்தொடர்வது என்றால் இந்த முப்பது வருடத்தையும் தொடர்வதுதான். இதைப் போராட்டக் குழுக்களும் முழுதாகப் பிடித்துக்கொள்ளவில்லை. ரிக் நிற்கும்போது ஆயிரம் பேர் கூடுகிறார்கள். குழாயின் தடிமனைக் கடைசியாக எப்போது அளந்தார்கள் என்று கேட்டு மனுப் போட ஒருவர் கிடைப்பது அரிது.

சொல்வதற்கு நிறுவனங்கள் தயங்குவதில் சில நியாயங்கள் இருக்கின்றன. பக்கத்து ஏலப் பகுதியை இன்னொருவர் எடுக்கப் போகும்போது பாறையின் அளவீடுகளை வெளியிடச் சொல்ல முடியாது, அது சரி. நிலையங்களுக்குக் காவல் தேவை என்பதும் சரி. மக்கள் பீதியடைவார்கள் என்ற மூன்றாவது காரணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கதிராமங்கலத்தில் பீதியை உண்டாக்கியது தகவல் அல்ல. கசிந்தது எவ்வளவு, நிறுத்தியாயிற்றா, மண்ணை யார் மாற்றித் தருவார்கள் என்று சொல்ல முன்னால் யாரும் இல்லாததும், அதற்குப் பதில் போலீஸ் வந்ததும்தான். அளவீட்டுத் தரவையும் பாதுகாப்புத் தரவையும் பிரித்துவிடலாம். முன்னதற்கு நார்வேயைப் போல் கால எல்லை. பின்னது அன்றன்றைக்கு, தமிழில், ஊராட்சிப் பலகையில்: இன்றைய கட்டம், அடுத்த கட்டம், அடைப்பான் சோதனைத் தேதி, எரிகுழாய் எரியும் நாட்கள், அவசரத்தில் அழைக்க வேண்டிய எண், ஓட வேண்டிய திசை. காற்று எந்தப் பக்கம் வீசினால் எந்தத் தெரு எங்கே போக வேண்டும் என்பது ஒவ்வொரு கிணற்றின் அவசரத் திட்டத்திலும் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு அது தெரியாமல் இருந்தால் அந்தத் திட்டத்துக்கு அர்த்தமில்லை.

ஊர்த் தரப்பில் ஒரு வேலை இருக்கிறது, அதை ரிக் வருமுன்பே செய்ய வேண்டும். சுற்றுவட்டாரத்துக் கைப்பம்புகள், போர்கள், குளங்களின் தண்ணீரைப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்து உப்பு, குளோரைடு, மொத்தக் கரைபொருள், முடிந்தால் பேரியம், கரைந்த மீத்தேன் வரை அளந்து வைத்துக்கொள்வது. டெல்டாவின் கடலோரத்தில் நிலத்தடி நீர் ஏற்கெனவே உப்பேறி வருகிறது. பத்து வருடம் கழித்துத் தண்ணீர் கெட்டது கிணற்றாலா, கடலாலா என்று வழக்கு வந்தால், முன்கூட்டி எடுத்த அளவு கையில் இல்லாதவர் பக்கம் நீதிமன்றத்தில் நிற்காது. கல்லூரிகளின் வேதியியல் துறைகள் இதைச் செய்து தரலாம். ஆண்டுக்கு இரண்டு முறை, கோடையிலும் மழைக்குப் பிறகும், அதே கிணறுகளில், அதே முறையில்.

கடைசிக் கட்டம் மூடுவது. எடுக்க ஒன்றுமில்லாத கிணற்றுக்குள் பல ஆழங்களில் சிமெண்ட் அடைப்பு வைத்து, அடைப்பு பிடிக்கிறதா என்று அழுத்திப் பார்த்து, குழாயை மண்மட்டத்துக்குக் கீழே வெட்டி, தகடு போட்டு, மேட்டைக் கரைத்து, நிலத்தைப் பழையபடி உரியவரிடம் கொடுக்க வேண்டும். டெல்டாவில் 1960களிலிருந்து தோண்டிய கிணறுகள் இருக்கின்றன. வறண்டவை, வற்றியவை, பாதியில் விட்டவை. அவற்றின்மேல் இன்று நெல்லும் தென்னையும் நிற்கின்றன, சில இடங்களில் வீட்டுமனையும் பிரிக்கிறார்கள். அந்தப் புல எண்ணின் அ-பதிவேட்டில், இங்கே இத்தனை மீட்டர்க் கிணறு ஒன்று இந்த ஆண்டில் மூடப்பட்டது, அடைப்புகள் இந்த ஆழங்களில் உள்ளன என்று ஒரு வரி ஏற வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் கையில் இருக்கும் ஏடு அது. புதுக் கிணறுகளுக்கு நாளையிலிருந்து எழுதுவது சுலபம். பழையவற்றுக்கு நிறுவனத்தின் கோப்பையும் வருவாய்த் துறையின் வரைபடத்தையும் ஒரே மேசையில் வைத்து, ஊர்ப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு நடந்து, ஒவ்வொன்றாகத்தான் குறிக்க வேண்டும். எந்த வயலில் கோபுரம் நின்றது என்பதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கும்போதே அதைத் தொடங்க வேண்டும்.